தாம்பரம் பக்கம் குடிவரலாமா? வாடகை வீடு: கேள்வி – பதில்

(கிழக்குத் தாம்பரம், சேலையூர் வட்டாரத்தில் தபால்காரராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் இந்தப் பக்கத்தில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். சொந்த வீடு கட்டவில்லை. கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான்.)

கே.எஸ்., மேற்கு மாம்பலம்: என் கணவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். இங்கே சத்தமும் நெரிசலும் தாங்கவில்லை. அமைதியான இடமாக, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், முடிச்சூர் என்று புரோக்கர் மூன்று இடம் சொல்கிறார். எல்லாமே அபார்ட்மென்ட். எதைப் பார்த்து முடிவு செய்வது?

அம்மா, அமைதி தேடித் தாம்பரத்துக்கு வருபவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928-இல் இங்கேதான் சானடோரியம் வைத்தார்கள். ஹைகோர்ட்டுக்கு எதிரே இடம் போதாமல் தவித்த கிறித்துவக் கல்லூரி 1937-இல் இங்கே வந்து சேர்ந்தது. கடற்கரையிலிருந்து மின்சார ரயில் 1931-இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தக் காற்றும் மரமும் கல்லூரி வளாகத்துக்குள் இன்னும் இருக்கின்றன. வெளியே இப்போது மாநகராட்சி. 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டிலோ வேளச்சேரி ரோட்டிலோ வீடு எடுத்தால் மாம்பலத்துச் சத்தத்தைக் கூடவே அழைத்து வந்தது மாதிரிதான். மெயின் ரோட்டை விட்டு மூன்று நான்கு குறுக்குத் தெரு உள்ளே போங்கள். அங்கே மத்தியானம் இரண்டு மணிக்குக் குக்கர் விசில்தான் பெரிய சத்தம்.

ஒரு சத்தத்தை மட்டும் புரோக்கர் சொல்ல மாட்டார். கிழக்குப் பக்கம் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி 1954-இலிருந்து அங்கே நடக்கிறது. பயிற்சி விமானம் தலைக்கு மேல் வட்டமடிக்கும். எங்களுக்குக் காது பழகிவிட்டது. உங்களுக்குப் பழகுமா என்று தெரிய, ஒரு வேலை நாளில் காலையில் வந்து அந்த வீட்டு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நில்லுங்கள். புரோக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வீடு காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தெருவும் அமைதியான தெருதான்.

அடுத்தது தண்ணீர். இதை நிதானமாகப் படியுங்கள். முடிச்சூரும் பக்கத்திலிருக்கும் வரதராஜபுரமும் அடையாற்றை ஒட்டியவை. 2015 டிசம்பரில் அங்கே படகில்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். வாடகை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கம் ஆறு கிடையாது, ஏரிகள் உண்டு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரித் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். தண்ணீர் போகிற அந்த வழியில் இப்போது நகர்களும் அவென்யூக்களும் இருக்கின்றன. எந்தத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம், எந்தத் தெருவில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அதனால் என் யோசனை, வீட்டை மார்கழியில் பாருங்கள். மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு அழிந்திருக்காது. மோட்டார் அறையை, லிஃப்ட்டின் கீழ்ப்பகுதியை, ஈ.பி. மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். மீட்டரைத் தரையிலிருந்து இடம் மாற்றி மேலே ஏற்றிய தடம் இருந்தால், ஏன் ஏற்றினார்கள் என்று கேளுங்கள். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆடியிலும் மாட்டார்கள். காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு அப்போது பேரம் பேச இடம் உண்டு. பேசி வைத்துக்கொண்டு தை பிறந்ததும் பால் காய்ச்சலாம்.

விசாரிக்க வேண்டியது வீட்டுக்காரரிடமோ புரோக்கரிடமோ இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் தண்ணீர் கேன் போடும் பையனிடமும் கேளுங்கள். கேன் பையனுக்கு எந்த பில்டிங்கில் போர் தண்ணீர் உப்பு, எங்கே சித்திரையில் லாரி வரும் என்பதெல்லாம் தெரியும். பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கழிவுநீர் லாரி எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேர்ந்ததா, தனியா என்று வாட்ச்மேனைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, எங்கள் தொழில் ரகசியம். கீழே இருக்கும் தபால் பெட்டிகளைப் பாருங்கள். ஒரே ஃபிளாட்டின் பெட்டியில் ஒரு பெயரை அடித்து, அதற்கு மேல் இன்னொரு பெயரை ஒட்டி, அதையும் கிழித்திருந்தால் அந்த வீட்டில் யாரும் நிலைப்பதில்லை என்று அர்த்தம். வீட்டில் கோளாறு அல்லது வீட்டுக்காரரிடம். நான் பார்த்த வரை பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எந்த மாடி என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் மாடி எடுங்கள். மழைக்கும் முழங்காலுக்கும் அதுதான் சரி. கரண்ட் போய் லிஃப்ட் நின்றாலும் ஏறி விடலாம்.

ஆர்.வி., மதுரை: என் மகனுக்கு மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சானடோரியம் பக்கத்தில் 16,000 ரூபாய் வாடகைக்கு ஃபிளாட் பார்த்தோம். பத்து மாத அட்வான்ஸ், 1,60,000 கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்களே?

இருக்கிறது. 2017-இல் தமிழ்நாடு அரசு வீட்டுக்காரர், வாடகைதாரர் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சட்டம் போட்டது. 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போயிற்று. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் உண்டு. ஆனால் அந்த வரி தொடங்குவதே, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில் என்று. பத்து மாதம் என்று எழுதி நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்து மாதம்தான். கதவை இழுத்துச் சாத்தி, பக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

அதனால் பேரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள். பத்து கேட்பவர் ஐந்துக்கும் ஆறுக்கும் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஆடி மாதத்தில். எவ்வளவில் முடிந்தாலும் பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். பாதி ரொக்கம், பாதி செக் என்றால் வேண்டாம் சார். ஊரில் இருந்துகொண்டு ஒன்றரை லட்ச ரூபாய்க்குச் சாட்சி தேட உங்களால் முடியாது.

காலி செய்த பிறகு பாக்கி ஏதும் இருந்தால் பிடித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அடுத்த குடித்தனம் வந்து அவர்கள் கொடுத்த பிறகுதான் தருவேன் என்று இங்கே நிறையப் பேர் சொல்வார்கள். அது வழக்கம், சட்டம் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போதே திருப்பித் தரும் காலத்தை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற வீட்டுக்காரர் மகனைக் காலி செய்யச் சொல்லும்போதும் அப்படித்தான் இருப்பார்.

பதினொரு மாத அக்ரிமென்ட் என்ற பழக்கம் எப்படி வந்தது தெரியுமா? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம். அதிலிருந்து நழுவத்தான் பதினொன்று. புதுச் சட்டத்தில் அந்த நழுவல் நடக்காது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் அந்த அதிகாரி. அரசின் இணையதளத்திலேயே விவரம் ஏற்றலாம், பதிவு எண் தருவார்கள். நிறைய வீட்டுக்காரர்கள் வருமான வரிக்குப் பயந்து தள்ளிப் போடுவார்கள். பதிவு எண்ணைக் கேட்டுக் கேட்டு வாங்கும்படி மகனிடம் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, சேலையூர்: எங்கள் போர்ஷனுக்குத் தனி ஈ.பி. மீட்டர் உண்டு. ஆனால் பில்லை வீட்டுக்கார அம்மாவே கட்டிவிட்டு எங்களிடம் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். இது சரியா?

சரியில்லை அம்மா. தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முதல் 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. அந்த நூறுக்கும் உங்களிடம் 9 ரூபாய் வாங்கினால் 900 ரூபாய். வருடத்துக்கு ஆறு பில், 5,400 ரூபாய். நூறுக்கு மேலே வாங்குவதில் எவ்வளவு நிற்கிறது என்பது தனிக் கணக்கு. மீட்டர் அட்டையில் இருக்கும் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து பில் எவ்வளவு என்று போனிலேயே பார்க்கலாம், நீங்களே கட்டவும் செய்யலாம். "இனிமேல் உங்களுக்கு எதற்குச் சிரமம், நாங்களே ஆன்லைனில் கட்டிவிடுகிறோம் அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். சண்டை என்று தொடங்க வேண்டாம்.

ஒரே இணைப்பை இரண்டு குடித்தனம் பங்கு போட்டுக்கொண்டு உங்களுக்கு சப்-மீட்டர் மட்டும் வைத்திருந்தால் கதை வேறு. நூறு யூனிட் இலவசம் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டு வீடும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறும். அப்போது வீட்டுக்கார அம்மா கேட்பதில் ஓரளவு நியாயம் இருக்கும். உங்களுடையது எது என்று முதலில் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

எம்.எஸ்., குரோம்பேட்டை: நான்கு வருடம் இருந்து காலி செய்தோம். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, தண்ணீர்க் குழாய் மாற்ற 4,000 ரூபாய் என்று அட்வான்ஸில் பிடித்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச இடமில்லை. ஒன்றும் எழுதவில்லை என்றால், யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்ற பட்டியல் சட்டத்தோடு இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். பைப்பின் வாஷர், சுவிட்சு, பூட்டு, வாஷ்பேசின், கீசர் பழுது, உடைந்த கண்ணாடி நம் பக்கம். பிடித்ததற்கு ரசீது கேளுங்கள். ரசீது கேட்டாலே பாதித் தொகை திரும்பி வருவதுண்டு.

பெயர் வேண்டாம்: நாங்கள் மூன்று பேர், நர்ஸ் வேலை. நைட் டியூட்டி உண்டு. வீடு கேட்டுப் போனால் கல்யாணம் ஆகவில்லையா, அசைவமா, எந்த ஆட்கள் என்றுதான் முதல் கேள்வி. டூ-லெட் போர்டு தொங்கும், நாங்கள் போனதும் ஆள் வந்துவிட்டது என்பார்கள்.

மாதம் பிறந்தால் வாடகை வருமா, வீட்டைப் பாழாக்காமல் வைத்துக்கொள்வார்களா என்பதற்கு மேல் ஒரு வீட்டுக்காரர் கேட்க எதுவும் இல்லை என்பது என் கட்சி. இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்டுச் சலித்து எடுத்த குடித்தனக்காரர்களுக்கு நான் வக்கீல் நோட்டீஸை ரிஜிஸ்டர் தபாலில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். நைட் டியூட்டி பார்க்கும் பெண்கள் இருந்த வீடுகளில், மணி ஆர்டர் ரசீதைத் தவிர வேறு எதையும் நான் கொண்டுபோனதாக நினைவில்லை. ஊருக்கு மாதாமாதம் அனுப்பிவிட்டு, அந்த ரசீதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வழி என்னவென்றால், வீட்டுக்காரர் கீழே குடியிருக்கும் தனி வீடுகளை விட்டுவிட்டு, வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களின் அபார்ட்மென்டைத் தேடுங்கள். அவர்களுக்கு வாடகை வந்தால் போதும். சானடோரியம் பக்கம் ஆஸ்பத்திரி ஊழியர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கிறார்கள். யூனிபார்மும் நேரங்கெட்ட நேரமும் அங்கே யாருக்கும் புதிதில்லை. உங்களோடு வேலை பார்ப்பவர்கள் காலி செய்யும்போதே அந்த வீட்டைக் கேட்டுவிடுங்கள், போர்டு தொங்கும் வரை காத்திருக்க வேண்டாம். பார்க்கப் போனால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை ஸ்டேஷனிலிருந்து நடந்து பாருங்கள். விளக்கு எரியாத தெருவில் வாடகை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். விருந்தினர் வரலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஜி., ராஜகீழ்ப்பாக்கம்: அப்பா போன பிறகு அம்மாவை மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அழைத்து வந்தோம். மூன்றாவது மாடி. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவோம். எதிர் ஃபிளாட் கதவு திறந்து பார்த்ததே இல்லை. இவ்வளவு அமைதி எனக்கு ஆகாது, ஊருக்கே அனுப்பிவிடு என்கிறார்.

தம்பி, மேலே மாம்பலத்து அம்மா காசு கொடுத்துத் தேடுவது உங்கள் அம்மாவுக்குத் தண்டனையாக இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தே தெருவை நடத்தியவர்கள் அவர்கள்.

முதலில் வீட்டுக்கு வருவதை எல்லாம் போனில் வரவழைப்பதை நிறுத்துங்கள். காய், கீரை, பூ எல்லாவற்றையும் அம்மாவிடம் விடுங்கள். காலையில் தள்ளுவண்டி வரும் நேரத்தில் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நான்கு பெண்கள் நிற்பார்கள். கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாய் கொடுத்தால் இரண்டு வாரத்தில் யார் மருமகள் எந்த ஊர் என்பது வரை அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அசோசியேஷன் மீட்டிங்குக்கு வாடகைக்காரர்களைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் கோலம் போட யாரும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை. மார்கழியில் கீழே கேட்டுக்கு முன்னால் பெரிதாக ஒன்று போடச் சொல்லுங்கள். எதிர் ஃபிளாட் கதவு எதற்குத் திறக்காவிட்டாலும் அதைப் பார்க்கத் திறக்கும்.

மாடம்பாக்கத்தில் தேனுபுரீசுவரர் கோயில் இருக்கிறது, சோழர் காலத்துக் கற்றளி. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்கு அங்கே கால் வைத்ததும் சொந்த ஊர் ஞாபகம் வரும். பிரதோஷத்துக்கு அழைத்துப் போங்கள். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கப் பாதை போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் வயதானவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஊருக்குப் போகணும் என்றால் அனுப்பிவிடுங்கள். மயிலாடுதுறை வழியாகப் போகும் ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். பொங்கலுக்கு ஒரு மாதம், கோடையில் ஒரு மாதம் என்று போய் வரட்டும். ஊர் வீட்டை மட்டும் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். வாடகை வீட்டில் மூன்றாவது மாடியைத் தாங்கிக்கொள்ள அந்தச் சாவி அம்மாவின் சுருக்குப் பையில் இருக்க வேண்டும். அடுத்த வீடு மாறும்போது தரைத்தளமோ முதல் மாடியோ பாருங்கள்.

டி.என்., பெருங்களத்தூர்: வீட்டுக்காரர் கீழேயே இருக்கிறார். தோன்றியபோதெல்லாம் மேலே வந்து அறை அறையாகப் பார்க்கிறார். ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டு நாள் மோட்டார் போடவில்லை.

வீட்டைப் பார்க்க வருவதற்கு 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டு வர வேண்டும். தண்ணீர், கரண்டை நிறுத்துவது வாடகை பாக்கி இருந்தாலும் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும். மோட்டார் போடாத நாள், நேரத்தை எழுதி வையுங்கள், போனில் செய்தியாகவும் அவருக்கு அனுப்புங்கள். கையோடு வேறு வீடும் பார்க்க ஆரம்பியுங்கள். கீழே இருப்பவரோடு உத்தரவை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது பெரிய நரகம்.

எஸ்.பி., வேளச்சேரி: அடுத்த மாதம் சேலையூருக்கு மாறுகிறோம். முகவரி மாற்றத்தில் எதை முதலில் செய்வது?

என் சப்ஜெக்டுக்கு வந்தீர்கள். முதலில் வேளச்சேரி தபால் ஆபீசில் புது முகவரியை எழுதிக் கொடுத்து, வருகிற தபாலைத் திருப்பிவிடச் சொல்லுங்கள். வங்கியிலிருந்து வரும் ஏ.டி.எம். கார்டும் செக் புத்தகமும்தான் பழைய வீட்டில் மாட்டிக்கொள்ளும். பிறகு பதிவு செய்த ஒப்பந்தத்தின் நகலை வைத்துக்கொண்டு ஆதார், கேஸ், ரேஷன் கார்டு. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

பின்கோடில் கவனம். கிழக்குத் தாம்பரம் 600059, மேற்கு 600045, சேலையூர் 600073. வீட்டுக்காரர்களே கிழக்குத் தாம்பரம் என்று கௌரவமாகப் போட்டுக்கொண்டு 59 எழுதுவார்கள், தபால் ஒரு நாள் சுற்றி வரும். ஒப்பந்தத்தில் எழுதுவதற்கு முன்னால் பக்கத்துக் கடை போர்டைப் பார்த்துச் சரிபாருங்கள். பழைய குடித்தனக்காரர் பெயரில் கடிதம் வந்தால் பிரிக்காமல், "இங்கே இல்லை" என்று எழுதித் தபால்காரரிடமே கொடுத்துவிடுங்கள். தபால் பெட்டியில் உங்கள் பெயரை அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள்.